மருத்துவமனை இரவுகளுக்குச் சிரிப்பு வேண்டும்: எந்தப் புத்தகத்தை எடுத்துச் செல்வது?

கேள்வி: கோவை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 78 வயது. குடலிறக்கத்திற்கு அறுவை சிகிச்சை செய்து நான்கு நாட்களாகின்றன. சர்க்கரை கட்டுக்குள் வராததால் இன்னும் ஒரு வாரமாவது மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பகலில் தம்பி உடனிருக்கிறான். இரவு என் பொறுப்பு. அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டதால் தாமாகப் படிக்க முடியாது. "சிரிக்கிறாப்பல ஏதாச்சும் படிச்சுக் காட்டு கண்ணு" என்று முதல் நாள் இரவே கேட்டார்.

பேருந்து நிலையத்துக் கடையில் ஆயிரம் துணுக்குகள் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். மூன்றாவது பக்கத்திலேயே அப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டார். "ஒரு அறுவை போதும் கண்ணு, ரெண்டாவது அறுவைய ஒடம்பு தாங்காது" என்றார். அன்றிரவு நாங்கள் இருவரும் சிரித்தது அந்த ஒரு பேச்சுக்குத்தான். அதுவும் அந்தப் புத்தகத்தில் இல்லாதது. மறுநாள், நகைச்சுவைக்குப் பெயர் போனது என்று தோழி கொடுத்த நாவலைத் தொடங்கினேன். நாற்பது பக்கம் வரையில் கதாநாயகனின் குடும்ப வரலாறே ஓடிக்கொண்டிருந்தது. கேட்பவருக்கு முன்னால் படிப்பவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது.

ஆகவே என் தேவை என்னவென்று இப்போது சற்றுத் தெளிவாகவே சொல்ல முடிகிறது. உரக்கப் படித்தால் சுவைக்க வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கவும் ஊசி போடவும் செவிலியர் வந்துகொண்டே இருப்பதால், இருபது நிமிடத்திற்குள் ஒரு பகுதி முடிந்துவிட வேண்டும். வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பதாகவும் இருக்கக் கூடாது. இருமினாலும் சிரித்தாலும் தையல் மேல் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். (சிரிப்புக்கு மருத்துவச் சீட்டு எழுதித் தர வேண்டிய நிலைமையில் இருக்கிறோம்.)

இரண்டாவது கேள்வி எனக்காக. அப்பா பதினொரு மணிக்கு உறங்கிவிடுகிறார். அதன் பிறகு விடியும் வரை, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்ட குறுகிய பலகையில் படுத்துக்கொண்டு, அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்காகக் கேட்கிறேன் என்று தொடங்கினாலும், சிரிப்பு அவரைவிட எனக்கே அதிகம் தேவைப்படுகிறதோ என்று தோன்றுகிறது. தனியாக, ஓசையில்லாமல், இரவு இரண்டு மணிக்குப் படிக்க ஏதேனும் சொல்லுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

அம்மா, தங்கள் தந்தையார் விரைவில் நலம் பெற வேண்டும். 'இரண்டாவது அறுவை' என்ற சிலேடையைச் சொல்லக்கூடிய மனிதருக்குத் துணுக்குத் தொகுப்பு பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. துணுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பது ஊறுகாயை மட்டுமே இலையில் இட்டு உண்ணச் சொல்வதைப் போன்றது.

எந்த நூல் என்பதற்கு முன்னால் எந்தச் சிரிப்பு என்று முடிவு செய்துகொள்வது நல்லது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள், எட்டையும் அடுக்கும்போது நகையையே, அதாவது சிரிப்பையே, முதலில் வைக்கிறார். பின்னர் அந்த நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கின் வழியே பிறக்கும் என்கிறார். எள்ளல் என்பது இகழ்ந்து சிரிப்பது. இளமை என்பது குழந்தைத்தனத்தைக் கண்டு வரும் சிரிப்பு. பேதைமை அறியாமையால் விளைவது. மடன் என்பதைக் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்று விளக்குவது வழக்கம். அதாவது, யாரோ சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, உலகமே வேறு திசையில் போனாலும் விடாமல் நிற்பது. என் பட்டறிவில், நோயாளிக்கும் நோயாளியின் அருகில் விழித்திருப்பவருக்கும் எள்ளல் ஒத்துவராது. எள்ளலைச் சுவைக்க மனத்தில் கொஞ்சம் கூர்மை வேண்டும்; களைத்த மனத்திற்கு அந்தக் கூர்மையே பாரமாகிவிடும். பேதைமையும் மடனும் நம்மிடம் எதையும் கேட்பதில்லை.

மடனுக்கு நம் மொழியில் வீரமாமுனிவரின் பரமார்த்த குருவுக்கும் அவருடைய ஐந்து சீடர்களுக்கும் மேலான சான்று இல்லை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று அவர்களுடைய பெயர்களைச் சொல்லும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று அறிவதற்காகக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்ப்பதும், கரையேறிய பின் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி 'ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது' என்று அழுவதும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலை பேசுவதும் நாமெல்லோரும் சிறுவயதில் கேட்டவைதாம். ஆனால் கேட்ட கதை என்பதற்காக மூல நூலைப் படிக்காமல் விட்டவர்கள் மிகப் பலர். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் இதனை ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சிட்டார் என்பதிலிருந்து இதன் பழமையை உணரலாம். இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாதிரியார் எழுதிய அந்த உரைநடையை உரக்கப் படிக்கும்போதுதான், அசட்டுத்தனத்தை எவ்வளவு பொறுப்போடும் ஒழுங்கோடும் அவர் விவரித்திருக்கிறார் என்பது தெரியும். அந்த முகம் மாறாத பொறுப்புதான் அங்கே சிரிப்பு.

அதற்கு அடுத்தபடியாகத் தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'. ஒவ்வொரு கதையும் தனித்தனியே முடிந்துவிடும் என்பதால் தங்களுடைய இருபது நிமிடக் கணக்குக்கு ஏறக்குறையப் பொருந்தும். வங்கிக் குமாஸ்தாவாக இருந்த சாம்பு தவறி விழுந்தால் திருடன் மேல் விழுவார். பயந்து ஓடினால் களவுபோன நகை இருக்கும் இடத்தில் போய் நிற்பார். இன்ஸ்பெக்டர் கோபாலன் இவை அத்தனையையும் மேதைமை என்றே எடுத்துக்கொள்வார். சாம்பு அசடு என்பது கதையில் உள்ளவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த இரகசியத்தை நாமும் ஆசிரியரும் பங்கிட்டுக்கொள்வதால்தான் முடிவு தெரிந்திருந்தும் அடுத்த கதைக்குப் போகிறோம். தங்கள் தந்தையார் இளமையில் விகடனில் இதைப் படித்திருக்கவும் கூடும். பழைய நினைவோடு சேர்ந்து வரும் சிரிப்பு தையலை இழுக்காது.

போகிற போக்கில் ஒன்று. மருத்துவமனையில் உணவு நேரத்திற்கு வருகிறதா? வராவிட்டால் காளமேகப் புலவர் நாகைப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைப் பாடிய வெண்பாவைத் தந்தையாரிடம் சொல்லிப் பாருங்கள். பொழுது சாயும்போதுதான் அரிசி வந்து சேருமாம். அதைக் குத்தி உலையில் இடுவதற்குள் ஊரடங்கிவிடுமாம். ஓர் அகப்பைச் சோற்றை இலையில் வைக்கும்போது வானத்தில் வெள்ளி முளைத்துவிடுமாம். நான்கே அடிதான்.

மறுமொழி: பழைய இதழ் சேகரிப்பவன்

ஆசிரியர் ஐயாவின் மீது மிகுந்த மதிப்பு வைத்தே ஒரு திருத்தம் சொல்கிறேன். தேவன் 1957இல் தமது 43ஆம் வயதில் காலமானார். அப்போது இவருடைய தந்தைக்குப் பத்து வயதுதான் இருந்திருக்கும். சாம்பு விகடனில் வந்துகொண்டிருந்தது அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பு, 1940களில். ஆகவே சாம்பு அவருடைய இளமை நினைவு அன்று. அவருடைய தந்தையின் இளமை நினைவு. வயதானவர் என்றாலே தேவன், கல்கி, எஸ்.வி.வி. என்று எடுத்துக் கொடுத்துவிடுவது நம்மில் பலர் செய்யும் பிழை. ஒருவர் எந்த வயதில் வார இதழுக்காகக் கடைவாசலில் காத்திருந்தார் என்று கணக்குப் பார்க்க வேண்டும். இவருடைய தந்தைக்கு அந்த வயது 1960களில் வந்திருக்கும். அந்தக் காலத்தில் ஆனந்த விகடனில் சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' தொடராக வந்தது. கோபுலு படம் வரைந்தார். குமுதத்தில் பாக்கியம் ராமசாமியின் அப்புசாமியும் சீதாப்பாட்டியும் வந்தார்கள். ஜெயராஜ் படம் வரைந்தார்.

இவ்விரண்டில் எனக்கு முதலிடம் 'வாஷிங்டனில் திருமண'த்திற்கே. ராக்பெல்லர் குடும்பத்துச் சீமாட்டி ஒருத்தி, தென்னிந்தியக் கல்யாணம் ஒன்றை அமெரிக்காவிலேயே, தன் செலவிலேயே நடத்திப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்பதுதான் கதை. கதை என்று அதற்குமேல் ஒன்றுமில்லை, தேவையும் இல்லை. அப்பளம் இடுவதிலிருந்து சம்பந்தி சண்டை வரையில் நம் வீட்டுக் கல்யாணத்தில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் ஒவ்வொன்றையும், வெள்ளைக்காரர்கள் அரசு முறை விழாவைப் போல அக்கறையோடு ஏற்பாடு செய்கிறார்கள். யாரையும் இழிவு செய்யாமல் இவ்வளவு நீளத்திற்குச் சிரிக்க வைத்த நூல்கள் தமிழில் குறைவு. உரக்கப் படிப்பதற்கு உரையாடல்கள் நிறைந்த இந்த நடை மிகவும் தோதானது. படிப்பவருக்குக் குரல் மாற்றிப் பேசும் திறமை சிறிதளவு இருந்தாலே போதும்.

அப்புசாமி கதைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் ஒரு பாராட்டும். எச்சரிக்கை, நூல் வடிவில் அவை ஏராளமாக உள்ளன. எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. நாவல்களை விட்டுவிட்டுச் சிறுகதைகளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பாராட்டு, நம் பழைய நகைச்சுவை எழுத்தில் பெரும்பகுதி மனைவியைக் கேலி செய்வதையே முதலாக வைத்து நடந்த வியாபாரம். அப்புசாமி வீட்டில் அது தலைகீழ். ஆங்கிலம் பேசும், பாட்டிகள் முன்னேற்றக் கழகத்திற்குத் தலைமை தாங்கும் சீதாப்பாட்டிதான் ஒவ்வொரு முறையும் வெல்வாள். ஒரு மகள் தன் தந்தைக்குப் படித்துக் காட்டும்போது நடுவில் கூச்சப்பட்டுப் பக்கத்தைத் தாண்ட வேண்டிய அவசியம் அங்கே அதிகம் வராது.

மறுமொழி: எள்ளலின் பக்கம் நிற்பவன்

தமிழாசிரியரின் பட்டறிவை நான் ஏற்கவில்லை. களைத்த மனத்திற்கு எள்ளல் பாரம் என்கிறார். எனக்கு நேர்மாறாக நடந்தது. வேலையை இழந்து வீட்டில் உட்கார்ந்திருந்த ஆறு மாதத்தில், அசட்டுக் கதாநாயகர்களைக் கண்டால் எரிச்சல்தான் வந்தது. உலகம் இப்படி இருக்கும்போது இவர்கள் மட்டும் எப்படித் தவறி விழுந்து பிழைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. அப்போது எனக்குத் துணையாக இருந்தது புதுமைப்பித்தன்.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற கதையை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. 1943இல் எழுதப்பட்டது. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில், கையில் உள்ள காசுக்கு டிராமில் போவதா, வெற்றிலை போட்டுக்கொண்டு நடப்பதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். பிள்ளை விழுந்து கும்பிடவில்லை. காப்பி குடிக்க அழைத்துச் செல்கிறார். தம்முடைய வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா பிடிக்கப் பார்க்கிறார். ஆயுள் சந்தா என்றால் எவருடைய ஆயுளுக்கு என்ற கேள்வி அங்கே எழுகிறது பாருங்கள், அதற்குப் பிள்ளை சொல்லும் விடையை இங்கே எழுதி உங்கள் இரவைக் கெடுக்க மாட்டேன். பணக் கவலையும் உடல் கவலையும் உள்ள ஒருவரை இந்தக் கதை ஆற்றுப்படுத்துவதில்லை. 'ஆமாம், நிலைமை இதுதான்' என்று ஒப்புக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கோவை மகள் தமக்காகக் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் விடை இதுவே. புதுமைப்பித்தனின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விளக்கைப் போடாமல் கைப்பேசியிலேயே படிக்கலாம்.

இன்னும் அடங்கிய குரலில் வேண்டுமென்றால் அசோகமித்திரனின் 'ஒற்றன்'. 1973இல் அயோவா நகரத்தில் பல நாட்டு எழுத்தாளர்களோடு ஒரே கட்டடத்தில் தங்கியிருந்த மாதங்களைப் பற்றியது. சிரிக்க வைப்பதற்காக ஒரு சொல்லையும் அவர் கூடுதலாகப் போடுவதில்லை. வாக்கியத்தைக் கடந்து இரண்டு வரி போன பிறகுதான் சிரிப்பு வந்து சேரும்.

கோவை மகள்:

எல்லோருக்கும் நன்றி. இதழ் சேகரிக்கும் நண்பரின் கணக்கு சரியாக இருந்தது. 'வாஷிங்டனில் திருமணம்' என்றதும் அப்பா கண்ணைத் திறந்தார்; விகடன் வந்ததும் தமக்கு முன்னால் தம் அத்தை பறித்துக்கொண்டு போய்விடுவார் என்றும், இரண்டு நாள் கழித்துத்தான் தம் கைக்கு வரும் என்றும் அரைமணி நேரம் சொன்னார். புத்தகத்தை நான் திறக்கவே இல்லை. நாளைக்குத் தம்பி வாங்கி வருகிறான். எள்ளலா மடனா என்ற வழக்கில் இப்போதைக்கு நான் தீர்ப்புச் சொல்வதாக இல்லை. கந்தசாமிப் பிள்ளையை இன்றிரவு படிக்கப் போகிறேன்.

மறுமொழி: கொக்குவிலான், ரொறன்ரோ

வணக்கம் சகோதரி. அப்பா சுகமாகி வீடு திரும்ப வேண்டும். இங்கே சொல்லப்பட்ட நூல்கள் எல்லாம் சென்னையையும் தஞ்சையையும் சுற்றியே நிற்பதால், எங்கள் பக்கத்துப் பகிடியையும் கொஞ்சம் சேர்த்து வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் தலைமுறைக்குச் சிரிப்பு என்றால் 'சிரித்திரன்'தான். சிவஞானசுந்தரம் என்ற கேலிச்சித்திரக்காரர் 1960களில் தொடங்கி, எத்தனையோ இடர்களுக்கு நடுவே நடத்திய இதழ் அது. அவருடைய சவாரித்தம்பரை அறியாத வீடு எங்கள் ஊரில் இருக்கவில்லை. மகுடி என்ற பெயரில் அவர் எழுதிய கேள்வி பதில்களுக்காகவே இதழை வாங்கியவர்கள் உண்டு. 'நூலகம்' இணையத் தளத்தில் பழைய இதழ்கள் பலவற்றைப் படிக்கலாம். என்றாலும் உங்கள் தந்தைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேச்சு வழக்கும் அக்கால அரசியலும் தெரியாதவருக்கு ஒவ்வொரு பகிடிக்கும் ஒரு விளக்கவுரை சொல்ல வேண்டி வரும்; விளக்கம் சொல்லிச் சிரிக்க வைத்தவர் உலகத்தில் இல்லை.

உங்களுக்காகச் சொல்வது அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்'. அவரும் கொக்குவிலில் பிறந்தவர் என்பதால் ஊர்ப்பற்றில் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். நாட்குறிப்பில் உண்மையைக் கலந்திருப்பதாகத் தலைப்பிலேயே ஒத்துக்கொள்ளும் நேர்மை வேறு யாருக்கு வரும்? ஊரில் கழிந்த சிறுவயதிலிருந்து ஆப்பிரிக்காவிலும் பாகிஸ்தானிலும் பார்த்த வேலைகள் வரை சின்னச் சின்ன அத்தியாயங்களாகச் செல்கிறது. எங்கே திறந்தாலும் அங்கிருந்து படிக்கலாம். அவர் சிரிப்பது பெரும்பாலும் தம்மைப் பார்த்துத்தான். ஆசிரியர் ஐயா சொன்ன நான்கில் எள்ளல் உண்டு. ஆனால் பிறரை எள்ளுவதும் தம்மை எள்ளிக்கொள்வதும் ஒன்றாகுமா? இரவு இரண்டு மணிக்கு ஒருவர் தம்முடைய அசட்டுத்தனங்களை வரிசையாக ஒத்துக்கொண்டு வருவதைக் கேட்கும்போது, நமக்கு நம் மீதே இருக்கும் கோபம் கொஞ்சம் இறங்குகிறது. என் மனைவி இங்கே வைத்தியசாலையில் இருந்த இரண்டு வாரமும் நான் படித்தது இதைத்தான்.

மறுமொழி: நாகர்கோவில் வாசகி

தமிழில் எழுதப்பட்டவற்றை மட்டுமே சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்காததால் மலையாளத்திலிருந்து ஒன்று. வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. குளச்சல் யூசுப்பின் தமிழ் மொழிபெயர்ப்பு காலச்சுவடு வெளியீடாகக் கிடைக்கிறது. எங்கள் மாவட்டத்துத் தமிழுக்கும் மலையாளத்துக்கும் உள்ள நெருக்கத்தால் அந்த மொழிபெயர்ப்பில் ஒட்டுப்போட்ட தடம் தெரிவதில்லை.

இது எழுதப்பட்ட சூழ்நிலையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1954இல், பஷீர் இதை எழுதினார். பிறகு வழக்கம்போலத் திருத்தி எழுத எண்ணி வைத்திருந்து, திருத்தாமலே 1959இல் வெளியிட்டதாக முன்னுரையில் அவரே சொல்கிறார். நூலின் உள்ளே நோயின் புலம்பல் ஒன்றும் இல்லை. ஓய்வுக்காகத் தலயோலப்பறம்பில் உள்ள வீட்டுக்கு வந்தவருக்கு ஓய்வு கிடைத்ததா என்பதுதான் கதை. உம்மா, தம்பிகள், தங்கைகள், அவர்களுடைய மனைவியரும் கணவன்மாரும், எண்ணி முடியாத குழந்தைகள், கோழிகள், பூனைகள், எல்லோருக்கும் மேலே தங்கை பாத்துமாவின் ஆடு. எல்லோரும் இவரிடம் தனித்தனியே வந்து இரகசியமாகக் காசு கேட்கிறார்கள்.

அந்த ஆடு ஒரு நாள் இவருடைய புதிய புத்தகப் பிரதிகளைத் தின்று தீர்க்கிறது. முதலில் 'பால்யகால சகி', பிறகு 'சப்தங்கள்'. எழுத்தாளர் தடுக்கவில்லை, சில விமர்சகர்களைவிட அக்கறையோடு படிக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. ஆடு அடுத்ததாகக் கம்பளிப் போர்வையில் வாய் வைத்தபோதுதான் ஓடி வந்து கெஞ்சுகிறார். புத்தகத்திற்கு வேறு பிரதிகள் உண்டு, வேண்டுமானால் வரவழைத்து இலவசமாகவே தருகிறேன், போர்வைக்கு மறுபிரதி இல்லை என்று. நான் என் மாமியாருக்குக் காவலிருந்த ஓர் இரவில் இந்த இடத்தைப் படித்துவிட்டு, சத்தம் வெளியே வராமலிருக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். அங்கே உட்கார்ந்திருந்த காவலாளி நான் அழுவதாக எண்ணி, 'ஒண்ணும் ஆகாதும்மா' என்று ஆறுதல் சொன்னார். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் தலையாட்டிவிட்டு வந்தேன்.

உறவுக்காரர்கள் நிறைந்த வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வந்து உட்கார்ந்திருப்பவருக்கு இந்த நூல் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவை வீட்டுக்கு அழைத்துச் சென்றதும் பார்க்க வரும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள், போதும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

இதழ் சேகரிக்கும் நண்பரின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்; நான் என் வயதை அவருடைய வயதாக எண்ணிவிட்டேன். எள்ளலின் பக்கம் நிற்கும் நண்பருக்கும் ஒரு சொல். கொக்குவில் நண்பர் கேட்ட கேள்விக்குத் தொல்காப்பியத்தின் பழைய உரையாசிரியரான பேராசிரியர் தம் உரையிலேயே இடம் வைத்திருக்கிறார்; தான் பிறரை எள்ளி நகுவதும் உண்டு, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுவதும் உண்டு என்பது அவருடைய விளக்கம். கந்தசாமிப் பிள்ளையை வைத்துப் பார்த்தால் என் முதல் மறுமொழி சற்று அவசரமானது என்று தோன்றுகிறது. ஆனாலும் பரமார்த்த குருவை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கொண்டது விடாமை எனக்கும் உண்டு.

கோவை மகள்:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

'வாஷிங்டனில் திருமண'த்தை ஐந்து இரவுகளில் முடித்தோம். மூன்றாம் இரவிலிருந்து பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரும் கேட்கத் தொடங்கினார். அவர் திருநெல்வேலிக்காரர், தங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் சம்பந்தி சண்டை இதைவிடப் பெரிதாக நடக்கும் என்று அப்பாவோடு வாதம் செய்தார். தலையணையை இரண்டு முறை அழுத்திப் பிடிக்க வேண்டி வந்தது. அப்புசாமி பெரியவருக்குப் பிடித்தது, அப்பாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "உங்கம்மா இருந்திருந்தா இதக் கேட்டுட்டு என்னையே பார்ப்பா" என்றார். பரமார்த்த குருவில் ஆற்றைக் கடக்கும் கதையைப் படித்தபோது, சீடர்கள் எண்ணுவதற்கு முன்பே அப்பா தம் விரலை நீட்டி அறையில் இருந்தவர்களை எண்ணினார். தம்மை விட்டுவிட்டுத்தான் எண்ணினார். ஆசிரியர் ஐயா மகிழ்ச்சி அடையலாம்.

எனக்கு நடந்தது வேறு. கந்தசாமிப் பிள்ளையை அன்றிரவே படித்தேன், சிரிப்பு வரவில்லை. கடவுள் அந்த வீட்டுக் குழந்தையோடு விளையாடும் இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. நண்பரின் பரிந்துரை தவறு என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நேற்றிரவு மீண்டும் படித்தபோது, அந்த ஆயுள் சந்தா இடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மருத்துவமனையில் எனக்குக் கைகொடுத்தது பாத்துமாவின் ஆடுதான். போர்வைப் பகுதியைப் படித்துவிட்டு நானும் வராந்தாவுக்குப் போனேன். எங்கள் மருத்துவமனைக் காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார், ஆறுதல் கிடைக்கவில்லை. முத்துலிங்கத்தின் நூல் இன்னும் கைக்கு வரவில்லை. ஒரு கடையில் கேட்டு வைத்திருக்கிறேன்.

காளமேகத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த வெண்பாவை நான் தேடி எடுத்துப் படிக்கத் தொடங்கியதும், இரண்டாம் அடியிலிருந்து அப்பாவே முடித்தார். பள்ளியில் மனப்பாடம் செய்ததாம். அன்றிலிருந்து, ஏழு மணிக்கு வர வேண்டிய இரவுக் கஞ்சி எட்டரைக்கு வரும் ஒவ்வொரு நாளும், பாத்திரத்தோடு வரும் பெண்ணிடம் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "ஏம்மா, வெள்ளி மொளச்சிருச்சா?" அந்தப் பெண் முதல் நாள் விழித்தாள். இரண்டாம் நாள் சன்னலைப் பார்த்தாள். நான்காம் நாள், உள்ளே நுழையும்போதே, "இன்னும் மொளைக்கலைங்க தாத்தா, சீக்கிரமே வந்துட்டேன்" என்றாள். மணி எட்டு இருபது.